சூவர்ட்டுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: ஜூனில் மகனுடன் அலாஸ்கா போகிறோம். ஆங்கரேஜிலிருந்து காலை ரயிலில் சூவர்ட் போய், பனியாறு, திமிங்கிலம், ஊர் எல்லாம் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்ப முடியுமா? எனக்குப் படகு என்றாலே தலைசுற்றும். – வாசகி, கோவை

பதில்: திரும்பலாம், ஆனால் படகு ஒன்றோடு நாள் முடிந்துவிடும். கோடை ரயில் காலை 6.45 மணி வாக்கில் கிளம்பி 11 மணிக்கு மேல் சேர்கிறது, மாலை 6 மணிக்குத் திரும்புகிறது. நடுவே ஆறு மணி நேரப் படகுப் பயணம் போனால் ஊருக்கு நேரம் ஏது? ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

படகுச் சீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விலை குறைவு என்று நான்கு மணி நேரப் பயணத்தை எடுத்தால் அது ஊரை ஒட்டிய ரிசரக்‌ஷன் விரிகுடாவுக்குள்ளேயே சுற்றிவிட்டு வந்துவிடும். கடலில் வந்து முடியும் பனியாறு வேண்டுமென்றால் சீட்டில் ஐயாலிக் அல்லது ஹோல்கேட் என்ற பனியாற்றின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அங்கே படகை நிறுத்தியதும் பேச்சை நிறுத்திக் காது கொடுங்கள். மிதக்கும் பனித்துண்டுகள் சோடா பாட்டில் திறந்ததுபோலப் பொரியும். பனிக்குள் அழுந்திக் கிடந்த காற்றுக் குமிழ்கள் உடையும் சத்தம் அது. பனிச்சுவர் சரிவதைப் பார்க்க நினைத்தால் சத்தத்தை நம்பாதீர்கள். அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் படகுக்கு ஒலி வந்துசேர ஒன்றரை வினாடி ஆகும். இடி கேட்டுத் திரும்பினால் மிஞ்சுவது தண்ணீர்த் தெறிப்புதான். சுவரையே பார்த்துக்கொண்டிருங்கள்.

ஜூனில் சிஸ்வெல் தீவுகளில் பஃபின் பறவைகளும் ஸ்டெல்லர் கடற்சிங்கங்களும் இருக்கும். கூனல் திமிங்கிலம், ஓர்கா என்ற கொலைத் திமிங்கிலம் இரண்டுக்கும் நல்ல வாய்ப்பு. சாம்பல் திமிங்கிலம் பெரும்பாலும் மே மாதத்துக்குள் கடந்துவிடும். கடல் நீர்நாயைப் படகுத்துறையிலேயே பார்க்கலாம்.

தலைசுற்றலுக்கு மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். சுற்ற ஆரம்பித்தபின் போட்டுப் பெரிய பயனில்லை. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. விரிகுடாவைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும்தான் அலை தூக்கும். கீழ்த்தளத்தில் நடுவாக உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறு ஆகாது. ஜூன் என்றாலும் கம்பளித் தொப்பியும் மழைக்கோட்டும் வேண்டும்.

கேள்வி: எக்ஸிட் பனியாற்றைக் கையால் தொடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: இப்போது முடியாது, அவ்வளவு பின்வாங்கிவிட்டது. சூவர்ட் ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. காரில் போகும் வழியிலும் பிறகு நடைபாதையிலும் 1917, 1951 என்று ஆண்டு எழுதிய பலகைகள் நிற்கும். அந்தந்த ஆண்டில் பனியின் முனை அங்கே இருந்தது என்று பொருள். முனை எங்கே என்று தேடிக்கொண்டே காட்டுக்குள் நடப்பீர்கள். பார்வையிடம்வரை போய்வர மூன்றரைக் கி.மீ. மேலே ஹார்டிங் பனிவெளிவரை போய்வர 13 கி.மீ. செங்குத்தான ஏற்றம், முழு நாள் வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை.

கேள்வி: ரயில் நிலையம் ஊரின் பழைய பகுதியிலிருந்து ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறது? – வாசகி, சென்னை

பதில்: பழைய நிலையம் ஊரின் தென்கோடியில்தான் இருந்தது, கட்டடம் இன்றும் நிற்கிறது. 1964 மார்ச் 27 மாலை 9.2 அளவு நிலநடுக்கத்தில் கரையோரம் சரிந்து துறையோடு கடலுக்குள் போனது. எண்ணெய்த் தொட்டிகள் வெடித்துத் தீப்பிடிக்க, எரியும் எண்ணெயைச் சுமந்துகொண்டு சுனாமி வந்தது. பிறகு துறையையும் ரயிலையும் வடக்கே தள்ளி அமைத்தார்கள். அழிந்த கரையில் இப்போது கூடாரமடிக்கும் பூங்கா. பழைய நிலையத்துக்குப் பக்கத்திலேயே 1998-இல் திறந்த அலாஸ்கா ஸீலைஃப் சென்டர் என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகம். 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து நேர்ந்த எண்ணெய்க் கசிவின் இழப்பீட்டுப் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. கீழ்த்தளக் கண்ணாடி வழியே பஃபின் தண்ணீருக்குள் இறக்கையடித்துப் போவதைக் காணலாம். படகிலிருந்து அது தெரியாது.