முதுகு பிடிக்கிறதா? இரும்புக் குண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: வீடியோ பார்த்துத்தான் கெட்டில்பெல் டெட்லிஃப்ட் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் பயிற்சி) செய்கிறேன். மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. பயிற்சியாளரிடம் போனால் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்?

பதில்: புதிதாக ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் நீங்கள் செய்வதைப் பார்ப்பார், வீடியோவால் முடியாதது அதுதான். என் பயிற்சியாளர் எனக்கு முதல் நாள் எடையே தரவில்லை. ஒரு குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடித்து, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் அதைத் தொட்டபடியே குனியச் சொன்னார், பாதியிலேயே குச்சி விலகிவிட்டது. இடுப்பை மடக்குவதாக நினைத்து முதுகை வளைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! சுவருக்கு ஓரடி முன்னால் நின்று, பின்புறத்தால் சுவரைத் தொட முயன்றபோதுதான் விஷயம் புரிந்தது. முழங்கால் லேசாகத்தான் மடங்கும், பின்தொடை நன்றாக இழுக்கும்.

அப்புறம், குண்டை எங்கே வைக்கிறீர்கள்? பலர் கால்விரலுக்கு முன்னால் வைக்கிறார்கள். கைப்பிடி இரு கணுக்கால்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும், முன்னால் தள்ளிப்போகப் போக கீழ்முதுகின் சுமை கூடும். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கி, தோள்களைக் காதை விட்டுக் கீழே இறக்கி, தரையைக் காலால் தள்ளுவது போல எழுந்திருங்கள். மேலே வந்ததும் நேராக நின்றால் போதும், பின்னால் சாய வேண்டாம். இறக்கும்போதும் அதே வழிதான், பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

நீங்கள் குனிவதைப் பார்க்காமலே எடையைக் கையில் கொடுப்பவர் என்றால் வேறு ஆள் பாருங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ முதலில் மருத்துவரிடம் போங்கள்.