ட்ரிப் சுவிட்ச் இருந்தும் ரிவி எப்படிப் போனது?

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறோம். போன ஐப்பசியில் ஒரு பின்னேரம் இடிமுழக்கம், கரண்டும் போய்ப்போய் வந்தது, அதோடு ரிவியும் ரௌட்டரும் பழுதாகிவிட்டன. ட்ரிப் சுவிட்ச் புதுசுதான், ஏன் காப்பாற்றவில்லை? திருகோணமலை ரவுணில் ஒரு கடையில் சிவப்பு லைற் எரியும் மல்டி பிளக்கைக் காட்டி இதுவே போதும் என்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

பதில்: அவசரப்பட வேண்டாம் தங்கச்சி. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது கரண்ட் எங்காவது கசிகிறதா என்பதை மட்டும்தான். வீடுகளில் வழக்கமாக 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும், ஆளைக் காப்பாற்றும். ரிவி அதன் கணக்கிலேயே இல்லை.

அந்தச் சிவப்பு லைற் அனேகமாக சுவிட்ச் போட்டிருக்கிறது என்று காட்டுகிற லைற். திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கிற உண்மையான சேர்ஜ் புரொடெக்டர் என்றால் பெட்டியில் எத்தனை ஜூல், அதாவது எவ்வளவு அடியைத் தாங்கும் என்று போட்டிருப்பார்கள், பாதுகாப்பு உயிரோடு இருக்கிறதா என்று காட்டத் தனி லைற் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே வாரிஸ்டர் என்று குற்றிக்காசு மாதிரி ஒரு வில்லை, வோல்டேஜ் திடீரென ஏறினால் அதுதான் அடியை வாங்கும், வாங்கி வாங்கித் தேய்ந்து ஒருநாள் செத்தும் போகும், மல்டி பிளக் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் 'போய்ப்போய் வந்தது' என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். மின்னல் அடி கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. லைனில் கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி கழன்றால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400 வரைக்கும் ஏறி அப்படியே நிற்கலாம், வாரிஸ்டர் அதைத் தாங்காது, கருகிவிடும். அதற்கு ஹை வோல்டேஜில் தானாக வெட்டிவிடுகிற வோல்டேஜ் காட் வேண்டும். பிரிட்ஜுக்கு என்றால் கரண்ட் வந்து 3 நிமிடமாவது பொறுத்துக் கொடுப்பதாகப் பார்த்து வாங்குங்கள், கம்பிரசருக்கு அந்த ஓய்வு தேவை.

எதை வாங்கவும் முதல் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். கடற்கரை, உப்புக்காற்று. எங்கள் வீட்டில் அவர் எர்த் கிளிப்பைத் தொட்டதும் பச்சையாய்ப் பூத்திருந்த கம்பி கையோடு வந்தது! எர்த் இல்லாத சேர்ஜ் புரொடெக்டர் அரைகுறை வேலைதான் செய்யும். எர்த் ஓட்டையில் பேனையைக் குத்தி இரண்டு பின் பிளக்கைச் செருகுகிற பழக்கத்தையும் விடுங்கள்.

பிறகு, மின்னல் டிஷ் வயராலும் டெலிபோன் வயராலும் வரும், பிளக்கை மட்டும் இழுத்தால் போதாது. முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கில் கை வைக்க வேண்டாம், ரிவி போனால் போகட்டும்.