விர்ச்சுவல்பாக்ஸில் உள்ள விஎம்மை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒரே கோப்பாக்கி வேறு லேப்டாப்புக்குக் கொண்டுபோவது எப்படி? கோப்பு ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது?

விஎம்மை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் கொடுத்தால் ஓவிஏ கோப்பு ஒன்று கிடைக்கும். புது லேப்டாப்பில் அதை இம்போர்ட் செய்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கோப்புக்குள் ஸ்னாப்ஷாட்கள் (முன்பு ஒரு நேரத்தில் விஎம் இருந்த நிலையின் பதிவுகள்) போகாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்குங்கள்.

சித்தப்பாவின் ஹார்டுவேர் கடைக் கணக்கு, விண்டோஸ் 7 விஎம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் கணக்கை முடித்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்பார். புது லேப்டாப் வந்ததும் நான் எக்ஸ்போர்ட் செய்தேன், அங்கே ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. பழையதை அழித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஆடிட்டர் முந்தைய ஆண்டுக் கணக்கைக் கேட்டபோதுதான் ஸ்னாப்ஷாட் ஒன்றுகூட வரவில்லை என்று தெரிந்தது. அச்சடித்த பில்களை வைத்துச் சித்தப்பா மூன்று இரவு உட்கார்ந்து மறுபடி ஏற்றினார். அது இன்னமும் என் மனதை உறுத்துகிறது.

காரணம், எக்ஸ்போர்ட் செய்யும்போது விர்ச்சுவல்பாக்ஸ் வட்டின் இப்போதைய நிலையை மட்டும் தட்டையாக்கி எழுதுகிறது. ஸ்னாப்ஷாட்டைச் சொல்ல, ஓவிஏவுக்குள் விஎம்மை விவரிக்கும் ஓவிஎஃப் வடிவத்தில் இடமே இல்லை. ஷட்டவுன் செய்யாமல் சேவ் ஸ்டேட்டில் (ஓடும் நிலையை அப்படியே சேமித்து நிறுத்துவது) விட்டிருந்தால், திறந்திருந்த வேலையும் போய்விடும். பழைய நிலைகளும் வேண்டுமானால், தேவையான ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஃபுல் குளோன் (தனித்து இயங்கும் முழு நகல்) எடுத்து, அதைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இல்லையென்றால் விஎம்மின் முழு ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள்.

அடுத்து, அளவு. உள்ளே நீங்கள் அழித்த கோப்புகளின் தரவு மெய்நிகர் வட்டில் அப்படியே கிடக்கிறது. அந்த இடம் காலி என்று விண்டோஸுக்குத் தெரியும், வட்டுக் கோப்புக்குத் தெரியாது. அதனால் காலி இடத்தைச் சுழிகளால் (பூஜ்யங்களால்) நிரப்ப வேண்டும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் எஸ்டெலீட்டைச் சுழி நிரப்பும் விருப்பத்தோடு ஓட்டலாம். லினக்ஸில் ஸீரோஃப்ரீ இருக்கிறது. எக்ஸ்போர்ட்டின்போது தரவு சுருக்கப்படுகையில் சுழிகள் கரைந்துவிடும். எங்கள் வட்டு 41 ஜிபி பிடித்திருந்தது, இப்படிச் செய்த பின் ஓவிஏ 11 ஜிபிதான் வந்தது. ஆனால் நிரப்பும்போது வட்டுக் கோப்பு முழு அளவுக்கு வீங்கக்கூடும். அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூல விஎம்மில் கைவைக்காமல் குளோனில் செய்வதே நல்லது.

பென் டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. அதை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

உங்கள் கணக்கு மென்பொருளின் லைசன்ஸ் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு (அந்தக் கார்டின் அடையாள எண்) கட்டப்பட்டிருந்தால், குளோன், எக்ஸ்போர்ட், இம்போர்ட் மூன்றிலும் எல்லா மேக் முகவரிகளையும் அப்படியே வைக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் அந்த ஓவிஏ வெறும் டார் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வடிவம்) தொகுப்புதான். பிரித்தால் ஓவிஎஃப் விவரக் கோப்பும் விஎம்டிகே வட்டும் கிடைக்கும். நாளை கேவிஎம்முக்கு (விஎம்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) மாறினாலும் அந்த வட்டைக் க்யூஎம்யூவின் படிம மாற்றியால் அதற்கேற்ற க்யூகௌ2 வட்டு வடிவமாக ஆக்கிவிடலாம்.

பழைய விஎம்மை இப்போதே அழிக்காதீர்கள். புதியதில் ஒரு முழு நிதியாண்டுக் கணக்கை முடித்துப் பார்க்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.