அப்பாவின் கல்லறையில் அம்மாவை வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 84 வயது, படுத்த படுக்கை. "உங்கள் அப்பாவோடு என்னை வையுங்கள்" என்கிறார். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் புது இடமில்லை. தகனம் செய்துவிடலாம் என்கிறார் அண்ணன். எரித்த உடல் கடைசி நாளில் எப்படி எழும்பும் என்று அக்கா அழுகிறார். என்ன செய்வது?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் அக்காவின் பயம். மண்ணில் வைத்த உடலும் மண்ணாகத்தான் போகிறது. நெருப்பு அதையே சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. எலும்பு மிச்சமிருந்தால்தான் உயிர்த்தெழ முடியும் என்றால், உவரியிலும் மணப்பாட்டிலும் கடலுக்குப் போய்க் கரை சேராதவர்களின் கதி என்ன? 'சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது' என்கிறது வெளிப்படுத்தின விசேஷம் 20:13. அடுத்த வசனத்தில் மரணமே அக்கினிக் கடலில் தள்ளப்படுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையும் 1963இல் தகனத்தை அனுமதித்தது. சாம்பலை ஆற்றிலோ கடலிலோ தூவக் கூடாது என்று 2016இல் தெளிவுபடுத்தியது.

பவுல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார் (1 கொரிந்தியர் 15:26). ஆகவே, "வயதாகிவிட்டது, கல்யாணச் சாவு" என்று அக்காவின் வாயை அடைப்பவர்கள் எனக்குப் பிடிக்காதவர்கள். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். அக்கா அழட்டும்.

எரிக்கலாம் என்பதற்காக எரித்தே ஆக வேண்டுமா? அம்மா கேட்பது நடக்கக்கூடியதுதான். குடும்பக் கல்லறையைத் திறந்து அதே குழியில் அடக்கம் செய்வது பல சபைகளில் உண்டு. முதல் அடக்கம் முடிந்து எத்தனை ஆண்டு கழிந்திருக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் சபையைக் கவனிக்கும் சேகர குருவானவரை இப்போதே பாருங்கள். அப்பாவின் அடக்கப் பதிவேட்டில் தேதியைச் சரிபார்த்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மேலே சிமெண்ட் பூசிக் கட்டியிருந்தால் கொத்தனாரிடமும் சொல்லி வையுங்கள். கல்வெட்டுப் பலகையை உடையாமல் பெயர்ப்பதற்கே நேரம் பிடிக்கும். தோண்டும்போது அப்பாவின் எலும்புகள் தென்படலாம். அவற்றை வெள்ளைத் துணியில் சேர்த்து அடியிலேயே வைத்து, மேலே மண் தள்ளிவிட்டுப் பெட்டியை இறக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அண்ணன் குழியருகே நின்றால் போதும். அக்கா வீட்டிலேயே இருக்கட்டும்.

புதுக் கல் தேவையில்லை. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து, 1951இல் அங்கேயே மறைந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் தமக்குக் கல்லறைக் கல்லே வேண்டாம் என்றார். பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்து, 'அம்மாய்' என்று மட்டும் பொறித்தார்கள். உங்களுக்கு அப்பாவின் பலகையில் அம்மாவின் பெயரும் தேதிகளும் சேர்ந்தால் போதும். கீழே இரண்டு வரிக்கு இடமிருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.