‘ரன்’ என்றாலே ஓடுவதுதானா?

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, ‘ரன்’ என்ற சொல்லுக்கு வினையாக மட்டுமே 645 பொருள் கண்டிருக்கிறது. அதை மொழிபெயர்க்கத் திணறும் நம் கொங்குப் பகுதி அன்பர்களின் கேள்விகளும் என் பதில்களும் இவை.

திருப்பூரிலிருந்து: ‘கலர் ரன்ஸ்’ என்று வெளிநாட்டு ஆர்டரில் புகார் வந்திருக்கிறது ஐயா. ‘நிறம் ஓடுகிறது’ என்று எழுதலாமா?

வேண்டாம் அம்மணி. சிவப்பு பனியனை ஒரு முறை அலசியதும் அதன் வெள்ளைக் கழுத்துப்பட்டி ரோஜா நிறமாகிவிட்டால், சாயப்பட்டறையில் என்ன சொல்வார்கள்? ‘சாயம் போகிறது’ என்பார்கள். அதையே எழுதுங்கள். ‘ஃபர்ஸ்ட் ரன்’ என்று வந்தால் முதல் தடவை ஓட்டி எடுத்த சரக்கு. காலுறையில் ‘ரன்’ என்றால் ஒரு கண்ணி விட்டுப்போய் நெடுக இழை பிரிவது. மூன்றும் ஒரே கடிதத்தில் வரக்கூடிய ஊர் உங்களுடையது.

கோவையிலிருந்து: பம்ப்செட் கையேட்டில் ‘டிரை ரன்’ வருகிறது. அகராதி ‘ஒத்திகை’ என்கிறதே?

நிகழ்ச்சிக்கு முன்பு செய்து பார்ப்பதற்கு அது சரி. பம்ப்செட்டில் அது தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவது. தண்ணீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரில் பேரிங் தேயாமல் காப்பதும் சூட்டைத் தணிப்பதும் தண்ணீர்தான். கடன் வாங்கி ஆயிரம் அடிக்கு போர் போட்டவர் கையில் ‘ஒத்திகை செய்யாதீர்கள்’ என்ற வரியைக் கொடுக்கலாமா? மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) கருகினால் நட்டம் அவருக்கு. ‘தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள்’ என்று விரித்தே எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஈரோட்டிலிருந்து: தேர்தலில் ‘ரன்’, மூக்கு ‘ரன்’?

மூக்கு ஒழுகும். தேர்தலில் அமெரிக்கர் ‘ஓடுகிறார்’, பிரிட்டிஷார் ‘நிற்கிறார்’. நம் வேட்பாளரும் நிற்கிறார் தம்பி.

பல்லடத்திலிருந்து: அப்படியானால் ‘ஓடு’ எங்கேதான் பொருந்தும்?

உங்கள் தறிக்கே பொருந்துமே! ‘எத்தனை தறி ஓடுகிறது?’ என்றுதானே கேட்கிறோம். கடிகாரமும் படமும் அப்படித்தான். கடையில் மட்டும் கவனம் வேண்டும். ‘கடை நன்றாக ஓடுகிறது’ என்றால் வியாபாரம் செழிப்பு. ‘கடை நடத்துகிறேன்’ என்றால் தொழிலைச் சொல்வது. ‘ஏதோ கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்றாலோ, கேட்பவர் உங்கள் கடன் எவ்வளவு என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.