என் மகள் எந்தக் கணக்கில் வருவாள்?

வணக்கம் ஐயா. நான் குடியாத்தத்தில் லுங்கி நெசவு செய்கிறேன். மகள் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன், மற்ற நேரம் அம்மாவோடு பீடி சுற்றுகிறாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும் என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். நாட்டில் வேலையின்மை குறைந்துவிட்டது என்கிறார்கள். என் மகள் எந்தக் கணக்கில் வருவாள்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள ஐயா,

அரசுக் கணக்குப்படி உங்கள் மகள் வேலையில் இருக்கிறார்.

மத்திய அரசு 2017-ல் தொடங்கிய தொழிலாளர் கணக்கெடுப்பு, 2025 முதல் மாதாமாதமும் முடிவுகளை வெளியிடுகிறது. மாதக் கணக்குக்கு, கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். டியூஷன் அதற்குப் போதும். வருடக் கணக்குக்கு, அந்த வருடத்தில் முப்பது நாள் துணை வேலை செய்திருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பீடி போதும்.

முறத்தை மடியில் வைத்து, இலையை அளவாக வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டுகிறார். ஆயிரம் சுற்றினால்தான் கூலி. பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக் அம்மா பெயரில் இருந்தால் உங்கள் மகள் சம்பளமில்லாத உதவியாளர். அப்போதும் அவர் வேலையில் இருப்பவர்தான். வங்கியில் சம்பளம் வாங்கும் பெண்ணும் அவரும் அங்கே ஒரே கட்டத்தில்.

2017-18-ல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேர் வேலை செய்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். 2023-24-ல் அது 41.7. நல்ல ஏற்றம்தான், ஆனால் என்னால் முழு மனதாகக் கொண்டாட முடியவில்லை. வேலை செய்யும் பெண்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சுயதொழில் என்ற தலைப்பில் வருகிறார்கள். அவர்களிலும் பாதிக்கு மேல் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுகிறவர்கள்.

நான் முதலில் தேடுவது வேறொரு எண்ணை. அதே 2023-24-ல் நகரங்களில், வேலைக்கு வரத் தயாராக இருந்த 15 முதல் 29 வயதுப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. மகனை எந்த ஊருக்கும், எந்தச் சம்பளத்துக்கும் அனுப்பிவிடுகிறோம். மகளை அனுப்ப சம்பளம், பஸ், தங்குமிடம் மூன்றும் சரியாக அமைய வேண்டியிருக்கிறது. அதனால்தான், இளம்பெண்களுக்கு வேலை இல்லை என்றால் இந்த மூன்றில் எங்கேயோ பொருளாதாரம் கோட்டை விட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த எண் ஏறினால் எல்லாமே கெட்டது என்றும் இல்லை. வீட்டோடு இருந்தவர்கள் தேட ஆரம்பித்தாலும் ஏறும்.

நம் பக்கம் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி பஸ்கள் விடியற்காலையில் கிராமத்துக்குள்ளேயே வந்து பெண்களை ஏற்றிப் போகின்றன. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பெருமைதான். பத்தாவது முடித்தவருக்கு அங்கே தையல் மெஷின் இருக்கிறது. கணிதம் படித்தவருக்கு குடியாத்தத்தில் என்ன இருக்கிறது? சொற்பச் சம்பளத்தில் ஒரு தனியார் பள்ளி. அதுவும் கிடைத்தால். கல்லூரி வரை கூட்டிப் போய் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வழியே போடாமல் வைத்திருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய வேதனை.

இன்னொன்று. கணக்கெடுக்க வந்தால் பெரும்பாலும் அப்பாதான் பதில் சொல்கிறார். டியூஷனும் பீடியும் இல்லாத ஒரு வருடத்தில் "பொண்ணு வீட்லதாங்க இருக்கு" என்று நீங்கள் சொல்லிவிட்டால், வேலையில்லாதோர் பட்டியலில்கூட அவர் வரமாட்டார். வேலை வேண்டாம் என்று இருப்பவராகப் பதிவாகிவிடும். அவரையே பேசச் சொல்லுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பற்றி. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அது நியாயமானதும்கூட. அங்கே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உங்கள் மகளுக்கு வந்த வேலைக்கு எங்கே தங்க வைப்பார்கள் என்று அந்தக் கம்பெனியிலேயே கேளுங்கள். அழைப்பு இன்னும் திறந்திருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு நீங்களும் போய் அறை, சாப்பாடு, இரவு ஷிப்டுக்கு வண்டி எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். அப்புறம் முடிவை அவரிடமே விடுங்கள்.

அன்புடன்.