நாலு நம்பர் முதல் சூதாட்டக்கூடம் வரை: வாசகர் கேள்வி பதில்

வாரத்தில் மூன்று குலுக்கலுக்கும் நாலு நம்பர் எடுக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பத்து வெள்ளி. பல ஆண்டாகியும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் விழவில்லை. சிஸ்டம் கட்டினால் வாய்ப்பு கூடுமா? எவ்வளவு வரை கட்டலாம்?
— வாசகர், ஈசூன்

முதலில் கணக்கு. சிங்கப்பூரின் நாலு நம்பர் லாட்டரியில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு 23 எண்களுக்கு. எல்லாப் பரிசுக்கும் சேர்த்துக் கட்டும் 'பிக்'கில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. பத்து ஸ்டார்ட்டர் எண்களுக்குத் தலா 250, பத்து ஆறுதல் எண்களுக்குத் தலா 60. எல்லாம் கூட்டினால் 6,590. பத்தாயிரம் எண்களையும் நீங்களே பத்தாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கினாலும் கைக்குத் திரும்புவது அவ்வளவுதான். வெள்ளிக்கு 34 காசு அங்கேயே நின்றுவிடுகிறது. பெரிய பரிசுக்கு ஆசைப்பட்டு முதல் மூன்று பரிசுக்கு மட்டுமான 'ஸ்மால்' கட்டுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்: 3,000, 2,000, 800, அத்தோடு சரி. வெள்ளிக்கு 42 காசு நட்டம்.

நீங்கள் ஆண்டுக்குக் கட்டுவது 1,560 வெள்ளி. 'பிக்' மட்டும் என்றால் சராசரி நட்டம் 530 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். குலுக்கலுக்கு ஓர் எண் வீதம் எடுத்தால், ஏதாவது ஒரு பரிசு விழுவதே சராசரியாக 435 குலுக்கலுக்கு ஒருமுறை, அதாவது இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறை. அதுவும் பெரும்பாலும் ஸ்டார்ட்டராகவோ ஆறுதலாகவோ இருக்கும்.

ஓர் எண்ணின் இலக்கங்களை எல்லா வரிசையிலும் மாற்றிக் கட்டும் சிஸ்டம் இந்தக் கணக்கை மாற்றாது. நான்கும் வெவ்வேறு இலக்கமாக இருந்தால் 24 வரிசை, அதற்கு 24 வெள்ளி. ஐபெட் என்ற முறையில் ஒரு வெள்ளிக்கே 24 வரிசையும் கிடைக்கும். ஆனால் முதல் பரிசும் 24 ஆக உடைந்து 83 வெள்ளி ஆகிவிடும். கனவில் வந்த எண், விபத்தில் நசுங்கிய காரின் எண், "ரொம்ப நாளா வரலை, இந்த வாரம் வந்துடும்" என்ற எண், எல்லாவற்றுக்கும் வாய்ப்பு ஒன்றுதான். ஒரு எண் விற்றுத் தீர்ந்துவிட்டது என்றால் பலர் அதைக் கேட்டார்கள் என்று மட்டுமே பொருள்.

எவ்வளவு வரை என்றால், அந்த 530 வெள்ளியைப் பொழுதுபோக்குச் செலவாக எழுதிவைத்து, போனதைப் பற்றி வருத்தப்படாமல் இருக்க முடிகிற அளவு வரை. மாதத் தொகையைச் சம்பள நாளிலேயே ரொக்கமாகத் தனியே எடுத்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை முடிவு பார்த்த கையோடு அடுத்த வாரத்துக்குத் தொகையைக் கூட்டாதீர்கள். வரம்பு உடைவது பெரும்பாலும் அங்கேதான். விழுந்த பணத்தை மறுபடி கட்டினால் அது பரிசே இல்லை.

கணவர் சூதாட்டக்கூடத்துக்குப் போகிறார் என்று சந்தேகம். கேட்டால் எரிந்து விழுகிறார். போன மாதம் கடன்காரர் ஒருவர் வீட்டுக்கு அழைத்தார். என் சேமிப்பிலிருந்து கட்டிவிடவா?
— வாசகி, ஊட்லண்ட்ஸ்

கட்டாதீர்கள், குறைந்தது இப்போதைக்கு. ஆட்டம் நிற்காமல் கடன் மட்டும் அடைந்தால் அவருக்குப் புதிதாகக் கடன் வாங்க இடம் கிடைக்கிறது, அவ்வளவே. நீங்கள் பிணைக் கையெழுத்துப் போடாதவரை அவருடைய கடனுக்கு நீங்கள் பொறுப்பல்ல.

மனநல மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள் ஒன்பது. தொகை கூடிக்கொண்டே போவது, குறைக்கும்போது எரிச்சல், நிறுத்த முயன்று தோற்பது, எந்நேரமும் அதே நினைப்பு, மனக் கஷ்டம் வந்தால் ஆடப்போவது, விட்டதைப் பிடிக்கத் திரும்பிப் போவது, பொய், வேலையோ உறவோ ஆட்டங்காணுவது, பணத்துக்குப் பிறரை நம்பியிருப்பது. ஓராண்டில் நான்கு தென்பட்டாலே அது நோய்க் கணக்கில் சேரும். வீட்டில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது தொகை அல்ல, மறைப்பு: கைப்பேசியைக் குப்புற வைப்பது, வங்கிக் கடிதம் வீட்டுக்கு வராமல் நின்றுபோவது, நகை 'பாலிஷுக்கு' போவது.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, ஆண்டுக்கு 3,000 வெள்ளி. தடுப்பதற்காக வந்த கட்டணம்தான். ஆனால் "கட்டியதை எடுக்காமல் எப்படி வருவது" என்று விடியும்வரை உட்கார வைப்பதும் அதுவே.

நீங்கள் செய்யக்கூடியது குடும்பத் தடை உத்தரவு. சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றத்திடம் மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் விண்ணப்பிக்கலாம். கடன் கடிதங்கள், வங்கி அறிக்கைகள், அவர் வராத இரவுகளின் தேதிகள் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள்; அவர் தரப்பையும் கேட்ட பிறகே முடிவெடுப்பார்கள். இரண்டு சூதாட்டக்கூடங்களோடு, கிளப்புகளின் ஜாக்பாட் அறைகளுக்கும் லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸின் இணையக் கணக்குக்கும் உத்தரவு செல்லும். லாட்டரி விற்கும் முகவர் கடை முகப்பில் அடையாள அட்டை கேட்பதில்லை என்பதால் அங்கே செல்லாது. உதவி எண் 1800-6-668-668. அவருக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் பேசலாம்.

கடன் பக்கம்: வங்கிக் கடன் என்றால் கடன் ஆலோசனை அமைப்பான கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூரைக் கேளுங்கள். உரிமம் பெற்ற வட்டிக்காரரிடம் வாங்கியது என்றால் மாத வட்டி 4 விழுக்காட்டுக்கு மேல் கேட்க முடியாது. ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர் என்றால் பேரம் பேசாமல் காவல்துறைக்குப் போங்கள்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன். எனக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஓய்வு நாளில் கால் தானாக அங்கே போகிறது. என் பெயரை நானே அடைக்கலாமா?
— வாசகர், துவாஸ்

அடைக்கலாம். அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாகச் சுயத் தடைக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கும் உண்டு. விலக்கிக்கொள்ளக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். தோற்றுவிட்டு வரும் இரவில் அல்ல, சம்பளத்துக்கு முந்திய நாளில் செய்யுங்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தைச் சம்பளம் ஏறிய அன்றே அனுப்பிவிடுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. ஆயுசுக்கும் சீட்டைத் தொடாதவர். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து தொடங்கிய பிறகு ஜாக்பாட் மெஷினே கதி என்று இருக்கிறார். முதுமையா?
— வாசகி, பிடோக்

மருந்தாக இருக்கலாம். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை மூளையில் டோப்பமின் வேலையைச் செய்பவை. சிலருக்கு அடக்க முடியாத சூதாட்டம், கடையில் கண்டதை வாங்குவது, ஓயாமல் தின்பது போன்றவற்றை அவை தூண்டும் என்பது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. எப்போது தொடங்கியது, மருந்தின் அளவு எப்போது கூடியது என்று தேதியோடு எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவராகக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், அப்பா சொல்லமாட்டார். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ கொடுத்தால் பலருக்கு அடங்கிவிடுகிறது. நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம்: பதற்றம், வியர்வை, மனச்சோர்வு வரும், உடல் இறுக்கமும் கூடும். மருத்துவரைப் பார்க்கும்வரை வங்கி அட்டையை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம், அவர் சம்மதத்தோடு.